கடைவயலுக்கு ஆறு மணித்தியாலம்

எனக்குப் பொறாமையே கிடையாது என்று சொல்கிறவனைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். ஒன்றில் அவனுக்குச் சகலன் இல்லை, அல்லது சகலன் வேறு ஊரில் இருக்கிறான். எனக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. என் பெண்சாதியின் தங்கையை முடித்தவன் எனக்கு அடுத்த வளவில் குடியிருந்தான். நான் வேலை பார்த்த கந்தோரிலேயே அவனும் கிளாக்கர். அங்கேயும் என் மேசைக்கு எதிர் மேசை. காலையில் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனால் வேலிக்கு அப்பால் அவன் இருமுவது கேட்கும். எட்டு மணிக்குக் கந்தோரில் கதிரையை இழுத்துப் போட்டால் எதிரே அதே முகம். ஒரு மனிசனைச் சோதிக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு, வளவு, வயல் எல்லாம் பெண்ணின் பேரில். நானும் அப்படித்தான் இரண்டு சாரனும் ஒரு சைக்கிளுமாக நிந்தவூரில் மாமி வீட்டு வாசலில் போய் இறங்கினேன். மாமிக்கு இரண்டு துண்டு வயல் இருந்தது. இரண்டும் மூன்று மூன்று ஏக்கர், இரண்டும் மூன்றாம் வாய்க்காலில். ஆனால் ஒன்று வாய்க்காலின் தலையில், மதகடியில். மற்றது கடைசியில், தண்ணீர் வந்து சேர்கிற இடத்தில். அது வந்து சேர்ந்தால்தான்! நான் முடிக்கும்போது தலைவயல் மாமாவின் தம்பி கையில் இருந்தது. அதனால் மூத்தவளான என் பெண்சாதிக்குக் கடைவயலை எழுதினார்கள். இரண்டு வருடம் கழித்துச் சகலன் வருகிறபோது தலைவயல் திரும்பி வந்திருந்தது. அதை இளையவளுக்கு எழுதினார்கள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. எனக்கும் அது தெரியும். தெரிந்தால் வயிறு எரியாதா என்ன?

அவனுக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. அண்ணன் முறைக்கு என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான், மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் அவன் சோற்றுக்கு உட்கார்ந்தால் மாமி மீன் சட்டிக்குள் அகப்பையை விட்டுத் துழாவுவா. எனக்கு வாற்பக்கம் வரும், அவனுக்கு நடுக்கண்டம் போகும். "சின்ன மருமகன் மெலிஞ்சு போனார் மனே, அதான்" என்பா. மெலிந்தவனா அவன்? கந்தோருக்கு வருகிற சனமும் அப்படித்தான். படியேறினால் முதலில் அவன் மேசைக்குத்தான் போகும். வந்தவன் வாப்பாவின் பேர், மாடு தொலைந்த கதை, மகளின் மாப்பிள்ளை எந்த ஊர் எல்லாம் அவனுக்குப் பாடம். என் மேசைக்கு வருகிறவர்கள் அவனிடம் இடமில்லாமல் வருகிறவர்கள். அவன் மேசைக்கு எத்தனை பேர், எனக்கு எத்தனை பேர் என்று நான் எண்ணிப் பார்த்த நாட்களும் உண்டு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் நடுவில், ஒரு மாரியில் வெள்ளம் வந்து பெரும்போகத்தை அள்ளிக்கொண்டு போனது. அதற்குப் பின்னால் மழை என்கிற பேச்சே இல்லை. சிறுபோகம்தான் அந்த வருடத்துச் சோறு என்று ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் சம்பளக்காரன்தான், பட்டினி கிடக்க மாட்டேன். ஆனால் சொந்த வயல் உள்ள பெண் கடையில் அரிசி வாங்குவது எங்கள் ஊரில் சின்ன விஷயம் இல்லை. என் பெண்சாதி ஒவ்வொரு நாளும் ஒரே கேள்விதான் கேட்பாள். "வேளாண்மை எப்படி? கடைவயலுக்குத் தண்ணி போகுதா?"

தண்ணீர் போவதும் போகாததும் எங்கள் கந்தோரில் ஒரு இடாப்பில் இருந்தது. வாய்க்காலுக்கு ஒரு பெரிய தாள். தாள்களையெல்லாம் துளையிட்டு நாடாவால் கட்டி இரண்டு மட்டைக்குள் வைத்திருந்தோம். ஒவ்வொரு தாளிலும் வயல்காரியின் பேர், எத்தனை ஏக்கர், எட்டு நாளுக்கு ஒரு முறை வருகிற தண்ணீரில் அவளுக்கு எத்தனை மணித்தியாலம் என்று எழுதியிருக்கும். ஒவ்வொரு முறையும் தொடங்குமுன் ஒரு மத்தியானம் வட்டைவிதானை வருவார். வயல்வெளி முழுவதற்கும் மதகு திறந்து பூட்டுகிறவர் அவர். இடாப்பைப் பார்த்துத் தன் கொப்பியில் பிரதி பண்ணிக்கொண்டு போவார். அதன்பிறகு அந்த எட்டு நாளைக்கும் அந்தக் கொப்பிதான் சட்டம். கொப்பியில் இல்லாத மணித்தியாலத்துக்கு அவர் தன் பிள்ளைக்கும் மதகைத் திறக்க மாட்டார்.

வறட்சி கூடக் கூட முறை மாற்ற வருகிறவர்கள் கூடினார்கள். என் முறையில் மூன்று மணித்தியாலத்தை மச்சாளுக்குக் கொடு, எனக்கு இந்தத் தடவை வேண்டாம் ராத்தாவுக்குக் கொடு, இப்படி. கொடுக்கிற ஆள் வந்து சொன்னால் போதும், வாங்குகிற ஆள் வரத் தேவையில்லை. நாங்கள் பழைய கணக்கை வெட்டிப் புதியதை எழுதிப் பக்கத்தில் சின்னக் கையெழுத்து வைப்போம். இந்த வேலையை இரண்டு பேரும் ஒரே இடாப்பில் செய்தோம். அதுதான் வினை. நான் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது அவன் இழுப்பான், அவன் எழுதும்போது நான் இழுப்பேன். நான் ஒரு வயலில் கழித்ததை மற்ற வயலில் கூட்டுவதற்குள் அவன் அதே வயலில் இன்னொன்றைக் கூட்டியிருப்பான்.

ஒரு திங்கட்கிழமை வட்டைவிதானை கூட்டிப் பார்த்துவிட்டுப் பெரிய கிளாக்கரின் மேசையில் கொப்பியை வைத்தார். "எட்டு நாளைக்கு நூத்தித் தொண்ணூத்திரண்டு மணித்தியாலம் ஐயா. இதுல இருநூறு இரிக்கு. மிச்சம் எட்டுக்கும் நான் எங்க போற? கடலத் திறந்து விடவா?"

பெரிய கிளாக்கர் கல்முனைத் தமிழர், மெதடிஸ்தக் கோயிலுக்குப் போகிறவர், சத்தம் போட மாட்டார். அதுதான் பயம். எங்களை ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் தச்சனிடம் சொல்லி உள்ளங்கை அளவில் இரண்டு மரக்கட்டை செய்வித்து வந்தார். எனக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. இடாப்பு அலுமாரியில் தன் தட்டில் இருக்கும். எழுத எடுக்கிறவன் இடாப்பு இருந்த இடத்தில் தன் கட்டையை வைக்க வேண்டும். கட்டை இருக்கிற வரைக்கும் மற்றவன் பேனை தொடக் கூடாது. "பாக்கிறதெண்டா பத்துப் பேரும் நிண்டு பாக்கலாம். எழுதிறவன் ஒருத்தன்தான்" என்றார். நல்ல சட்டம். இன்றைக்கு யோசித்தாலும் நல்ல சட்டம்தான் என்று சொல்வேன்.

ஆனால் எவ்வளவு நல்ல சட்டத்திலும் பொறாமைக்காரனுக்கு ஒரு கதவு திறந்திருக்கும். நான் காலையில் வந்ததும் கட்டையை வைத்து இடாப்பை எடுத்துவிடுவேன். எழுத ஒன்றும் இருக்காது. சும்மா விரித்து வைத்துக்கொண்டு பேனையைத் துடைப்பேன். அவன் மேசைக்கு முன்னால் ஆட்கள் கால் மாற்றி மாற்றி நிற்பார்கள். அதைப் பார்க்க எனக்கு ஒரு சுகம். அவனும் இளைத்தவன் இல்லை. முறை மாற்ற இடாப்பு மட்டும் போதாது, வாய்க்கால் படமும் வேண்டும். எந்த வயல் எந்தக் கிளை மதகுக்குக் கீழே என்று பார்க்காமல் மாற்ற ஏலாது. படம் ஒன்றுதான் இருந்தது. ஒரு நாள் நான் இடாப்பை எடுத்தேன், அவன் படத்தை எடுத்துக்கொண்டான்.

"தம்பி, படத்தத் தாங்க" என்றேன்.

"இடாப்பு வந்தா வேலைய முடிச்சுப்போட்டு ரெண்டையும் ஒண்டாத் தாறன் காக்கா."

"எனக்குப் படம் வேணும்."

"எனக்கு இடாப்பு வேணும்."

அவ்வளவுதான் கதை. நான் இடாப்பின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு இருந்தேன், அவன் படத்தைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். வெளியில் வேப்பமரத்தடியில் பதினைந்து இருபது பேர். ளுஹருக்குப் போகிற நேரத்தில் நான் இடாப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன், அவன் படத்தோடு வந்தான். ஒரே சஃப்பில் நின்றுதான் தொழுதோம்! திரும்பி வந்தும் அப்படியே இருந்தோம். அஸருக்குப் பாங்கு சொல்கிற நேரம் பெரிய கிளாக்கர் தன் அறையிலிருந்து வந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார்.

"வைக்கோல் பட்டறையில ஒரு நாய் கிடந்தாலே மாட்டுக்குத் தீனி இல்ல. இஞ்ச ரெண்டு கிடக்குது" என்றார். மரத்தடியில் நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து இன்னொரு சட்டம்: முதலில் படம், பிறகு இடாப்பு. படம் கையில் இல்லாதவன் இடாப்பில் கை வைக்கக் கூடாது. அப்படிச் செய்தால் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு இருக்க முடியாதல்லவா. அந்தச் சிரிப்பை நான் அவன் கணக்கில்தான் எழுதி வைத்தேன். அவனும் சேர்ந்து சிரித்தான் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இதெல்லாம் வெறும் கோமாளித்தனம். வயலில் நடந்ததுதான் உண்மை. இரண்டு வயலுக்கும் ஏக்கர் ஒன்று என்பதால் இடாப்பில் மணித்தியாலமும் ஒன்று, ஒன்பது ஒன்பது. ஆனால் தலைவயலுக்கு மதகைத் திறந்த உடனே தண்ணீர். கடைவயலுக்கு அந்த ஒன்பதில் மூன்று, மணல் வாய்க்காலுக்குக் குடிக்கவே போய்விடும். நெல் வேளாண்மை குடலைக்கு வந்துகொண்டிருந்தது. கதிர் உள்ளுக்குள் உருவாகிற அந்த நாட்களில் தண்ணீர் இல்லாவிட்டால் கதிர் வரும், உள்ளே அரிசி இருக்காது. நான் சைக்கிளில் வயலுக்குப் போகிற பாதை அவன் வயல் வரம்போரமாகத்தான் போகும். அவன் வரவையில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும், கொக்கு நிற்கும். என் வயலில் வெடிப்புக்குள் விரல் போகும். யா அல்லாஹ், அவன் வரம்பு உடையட்டும் என்று நான் நினைத்திருக்கிறேன். துஆவாகக் கேட்கவில்லை, நினைத்தேன். பெரிய வித்தியாசம் இல்லை.

அந்தக் கிழமைதான் எங்களுக்கெல்லாம் மேலான அதிகாரி ஏசண்டர் துரை கந்தோர் பார்க்க வருகிறார் என்று கடிதம் வந்தது. மூன்றாம் வாய்க்கால் தாள் வெட்டும் கொத்துமாய்க் கிடந்தது. வெள்ளிக்கிழமை பெரிய கிளாக்கர் சகலனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "உம்மட எழுத்து வடிவு. திங்கட்கிழமை அந்தத் தாளப் புதுசா எழுதிப் போடும். துரை பாக்கக்குள்ள கண்ணுக்கு லட்சணமா இரிக்கோணும்."

உம்மட எழுத்து வடிவு! நான் அவனுக்கு ஒரு வருடம் முந்தி அந்தக் கந்தோரில் சேர்ந்தவன். என் எழுத்துக்கு என்ன கேடு? இரவல் பேனையில் எழுதினாலும் கோடு தப்பாது. கொஞ்சம் நெருக்கமாக இருக்கும், அவ்வளவுதான். அந்த நேரமே முடிவு செய்தேன். அவன் திங்கட்கிழமை வந்து பார்க்கும்போது தாள் எழுதி முடிந்திருக்க வேண்டும், என் எழுத்தில்.

சனிக்கிழமை அரை நாள். பன்னிரண்டு மணிக்குக் கிட்ட அலுமாரிக்கு முன்னால் நின்று மூன்றாம் வாய்க்கால் தாளை ஒரு துண்டுக் கடதாசியில் பென்சிலால் பார்த்து எழுதினேன். கட்டை வைக்கவில்லை. பார்க்கிறதுக்குத்தான் கட்டை வேண்டாமே! நான் இடாப்பில் ஒன்றும் எழுதவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான். துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு முதல் ஆளாய்ச் சைக்கிளை எடுத்தேன். சகலன் அப்போதும் மேசையில்தான் இருந்தான். என்ன வேலையோ, இரண்டு மணி வரைக்கும் இருந்திருக்கிறான் என்று பிறகு தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டு மேசையில் எழுதினேன். நல்ல தாள், புதிய நிப்பு. ஒவ்வொரு பேராக, ஒவ்வொரு மணித்தியாலமாக. பெண்சாதி வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "என்ன எழுதிறீங்க?" "கந்தோர் வேல" என்றேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அரபு எழுத்தில் எழுதின அரபுத் தமிழ் வாசிப்பாள், தமிழ் எழுத்து அவளுக்குக் கோடுதான். கொஞ்ச நேரம் நின்றாள். எதையோ சொல்ல வந்தவள் போல் இருந்தது. நான் நிமிரவில்லை. போய்விட்டாள்.

திங்கட்கிழமை ஏழரைக்கே கந்தோரில் நின்றேன். சட்டப்படிதான் எல்லாம் செய்தேன். முதலில் படத்தை எடுத்தேன். பிறகு கட்டையை வைத்து இடாப்பை எடுத்தேன். நாடாவை அவிழ்த்தேன், பழைய தாளைக் கழற்றினேன், மடித்தேன், கழற்றின தாள்களைக் கட்டி வைக்கிற கட்டுக்குள் சொருகினேன். அந்தப் பழைய தாளை ஒரு தடவை பார்க்கக் கூட இல்லை. என்ன பார்க்கிறது? அதில் இருந்ததுதான் என்னிடம் இருக்கிறதே. புதிய தாளை வைத்து நாடாவைக் கட்டி, இடாப்பைத் தட்டில் வைத்துக் கட்டையை எடுத்துக்கொண்டேன்.

பெரிய கிளாக்கர் பார்த்தார். "ஆ, எழுதியாச்சா? வடிவு தம்பி, மிச்சம் வடிவு" என்றார். எனக்குக் கால் நிலத்தில் இல்லை. சகலன் வந்தான், இடாப்பைத் திறந்தான். மூன்றாம் வாய்க்கால் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என்னைப் பார்த்தான். முகம் செத்துப்போயிருந்தது. "நல்லம் காக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் கதிரையில் போய் இருந்தான். எரியட்டும், நன்றாக எரியட்டும் என்று நினைத்தேன். அன்றைக்கு மத்தியானச் சோறு எனக்கு இரண்டு பங்கு இறங்கியது. வட்டைவிதானை வந்து என் தாளைப் பார்த்துப் பிரதி பண்ணிக்கொண்டு போனார்.

அந்த எட்டு நாளில் எங்கள் முறை வந்தது. வட்டைவிதானை ஒன்பது மணித்தியாலம் விட்டார், பூட்டினார். வயலில் பாதிதான் நனைந்தது. வீட்டுக்கு வந்தபோது பெண்சாதி வாசலிலேயே நின்றாள்.

"எத்தின மணித்தியாலம் விட்ட?"

"ஒன்பது."

"ஒன்பதா?"

"ஒன்பதுதான். பொறகு எத்தின? உங்கட தங்கச்சியப் போலத் தலைவயலா தந்து வைச்சிரிக்காங்க எனக்கு?"

என் முகத்தைப் பார்த்தாள். குசினிக்குள் போனாள். அதிலிருந்து அவள் என்னோடு அளந்துதான் கதைத்தாள். சாப்பிடுங்க, தண்ணி வேணுமா, அவ்வளவுதான். சகலனும் கந்தோரில் வாய் திறப்பதில்லை. வேலிக்கு அப்பால் மச்சினிச்சியின் சத்தம் கூட என்னைக் கண்டால் அடங்கியது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பெரிய கிளாக்கர் என்னை மெச்சினது குடும்பத்துக்கே பொறுக்கவில்லை என்று நினைத்தேன். பொறாமைக்காரன் கண்ணுக்கு ஊரெல்லாம் பொறாமைதான்.

அடுத்த முறையும் ஒன்பது. அதற்கடுத்ததும் ஒன்பது. கதிர் வந்தது. கையில் எடுத்து உருவினால் பதர். பத்து நெல்மணியை நசுக்கினால் ஒன்றில் பால் இருந்தது. வரம்பில் குந்திக்கொண்டு நான் அழுதேன், பொய் சொல்லவில்லை. அழுதுவிட்டுத் திரும்பும்போது அவன் வயல் தலை சாய்ந்து நின்றது, பொன்னாக.

நேரே கந்தோருக்குப் போனேன். காலில் சேறு கூடக் கழுவவில்லை. சேறு எங்கே, தூசி. அவன் மேசைக்கு முன்னால் நின்று கத்தினேன்.

"உனக்கென்னடா! தலைவயல்! அள்ளிக் கட்டப்போறாய். ஒரே வீட்டுல பெண்ணெடுத்தமே, ஒரு மணித்தியாலம் இந்தா எண்டு கேட்டியா? என்ட வயல் செத்துப்போச்சு. சந்தோசமா இப்ப?"

அவனை நான் நீ என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவன் எழும்பினான்.

"காக்கா, அல்லாஹ்வுக்குப் பயந்து கதைங்க. நான் தந்த ஆறு மணித்தியாலத்த வெட்டி எறிஞ்சது ஆரு? நீங்கதானே! வேணாமெண்டா வேணாமெண்டு சொல்லியிரிக்கலாம். தாளையே மாத்தி எழுதி என்ட மூஞ்சில எறிஞ்சிங்களே, நாய்க்குப் போட்டிருந்தாலும் வாலையாவது ஆட்டியிருக்கும்."

"என்ன ஆறு மணித்தியாலம்?" என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பெரிய கிளாக்கர் அறையிலிருந்து வந்து கழற்றின தாள்களைக் கட்டோடு எடுத்து அவிழ்த்தார். மூன்றாம் வாய்க்காலின் பழைய தாள் மேலேயே இருந்தது, நான் மடித்த மடிப்போடு. என் மேசையில் விரித்து வைத்தார்.

தலைவயல் என்கிற இடத்தில் ஒன்பது வெட்டப்பட்டு மூன்று. கடைவயல் என்கிற இடத்தில், என் பெண்சாதியின் பேருக்கு நேரே, ஒன்பது வெட்டப்பட்டுப் பதினைந்து. பக்கத்தில் அவனுடைய சின்னக் கையெழுத்து, சனிக்கிழமைத் திகதி. அந்தப் பாழாய்ப்போன வடிவான எழுத்தில்.

விஷயம் அப்புறம்தான் எனக்கு விளங்கியது. என் பெண்சாதி தங்கையிடம் கேட்டிருக்கிறாள். குடலைக் காலம், கொஞ்சம் தண்ணி தா என்று. வயல் அவர்களுடையது, கேட்கிறதும் கொடுக்கிறதும் அவர்கள் பாடு. மதகடி வயலுக்குப் பெரிய வாய்க்காலின் கசிவு இருக்கிறது, மூன்று மணித்தியாலம் இருந்தால் சமாளிக்கலாம் என்று தங்கை புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் சனிக்கிழமை நான் போன பிறகு கட்டையை வைத்து எழுதியிருக்கிறான். நான் இருக்கும்போது எழுதினால் சண்டை பிடிப்பேன் என்று நான் போகும் வரைக்கும் காத்திருந்தானாம். எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. சொன்னால் நான் துள்ளுவேன் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

"கட்டை வைச்சுத்தான் எழுதினன் ஐயா" என்றேன் பெரிய கிளாக்கரிடம். "படம் எடுத்து, கட்டை வைச்சு, எல்லாம் சட்டப்படிதான்."

"எழுதக்குள்ள வைச்சீர் தம்பி" என்றார். "பாக்கக்குள்ள வைச்சீரா?"

வைக்கவில்லை. சனிக்கிழமை நான் பார்த்த தாள் ஒன்று, திங்கட்கிழமை நான் கழற்றின தாள் வேறொன்று. நடுவில் அது மாறிவிட்டது. மாறாத தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாறின தாளின் தலையில் எழுதியிருக்கிறேன். இடாப்பைப் பார்த்து எழுதப்போகிறவன் பார்க்கிற நிமிடத்திலிருந்தே கட்டையை வைத்துவிட வேண்டும், எழுதி முடியும் வரை எடுக்கக் கூடாது என்று பெரிய கிளாக்கர் அன்றைக்கே மூன்றாவது சட்டம் போட்டார். நல்ல சட்டம். என் வயலுக்கு அது மூன்று முறை பிந்தி வந்தது.

சகலன் கோபம் இறங்கிப் பக்கத்தில் வந்து நின்றான். "காக்கா காணல்லையா? வல்லாஹி, நான் நினைச்சன் நீங்க கண்டுதான் வெட்டின எண்டு" என்றான். அவனுக்கு அது உண்மையில் நிம்மதியாக இருந்தது, முகத்தில் தெரிந்தது. ஆறு மணித்தியாலத்தை விட்டுக்கொடுக்கவும் தெரிகிறது, கோபப்படவும் தெரிகிறது, கோபத்தை விடவும் தெரிகிறது இவனுக்கு. அந்த நேரத்திலும், பதர் வயலின் தூசி காலில் இருக்கும்போதும், நான் அதற்கும் பொறாமைப்பட்டேன்.

வீட்டுக்குப் போனேன். பெண்சாதி குசினியில் அரிசிப் பானையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்தது ஒரு கொத்துக்கும் வராது. நிலத்தில் குந்தி எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமை பார்த்தது, ஞாயிற்றுக்கிழமை எழுதினது, திங்கட்கிழமை பார்க்காமல் மாற்றினது.

"நான் காணல்ல புள்ள. அல்லாஹ்மேல ஆணை, உங்கட பேருக்கு நேர பதினைஞ்சு இருந்தது எனக்குத் தெரியாது."

கேட்டுக்கொண்டிருந்தாள். "தன்ட மூக்கறுந்தாலும் மத்தவனுக்குச் சகுனம் பிழைக்கோணும் எண்டு செஞ்சிட்டீங்க எண்டுதான் நான் இவ்வளவு நாளும் நினைச்சிரிந்தன்" என்றாள். பிறகு என் முகத்தை நேரே பார்த்தாள்.

"ஓம், காணல்ல. சரி. கண்டிருந்தா?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. அவளும் அதை நம்பியிருப்பாள், நம்பத்தான் ஆசைப்பட்டாள். எனக்கு அந்தப் பழைய தாள் கண்ணில் வந்து நின்றது. ஒன்பதை வெட்டிப் பதினைந்து, அவன் எழுத்தில், அவன் கொடுத்தது. நான் அதைத் திங்கட்கிழமை காலையில் தனியே நின்று கண்டிருந்தால்?

"கண்டிருந்தாலும் வெட்டித்தான் இரிப்பன்" என்றேன்.

அவள் எழும்பினாள். சுவரில் மாட்டியிருந்த ஓலைப் பெட்டியை எடுத்தாள். முந்தானையைத் தலைக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு வேலிப் படலையைத் திறந்து தங்கச்சி வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது பெட்டி நிறைய அரிசி இருந்தது. அன்றைக்குப் பகலும், அந்த வருடம் முழுவதும், நான் அந்த அரிசியைத்தான் தின்றேன்.